தீர்த்தன் ஆற்றங்கரை மரவீட்டில் தங்கி டிரவுட் பிடிக்க: முழுமையான வழிகாட்டி

இமாச்சலப் பிரதேசத்தின் குல்லு மாவட்டத்தில் பஞ்சார் என்ற சிற்றூரைத் தாண்டினால், தீர்த்தன் ஆறு சாலையை ஒட்டியே ஓடி வரும். கரையில் தேவதாரு மரமும் கல்லும் அடுக்கிக் கட்டிய சின்னச் சின்னத் தங்குமிடங்கள் இருக்கின்றன. வாசலில் இறங்கினால் ஆறு, ஆற்றில் பிரவுன் டிரவுட் என்ற குளிர்நீர் மீன். இந்த மீன் இமயமலைக்குச் சொந்தமானது கிடையாது. 1909-இல் காஷ்மீரிலிருந்து குல்லுவுக்குக் கொண்டுவந்து விடப்பட்டது, இங்கே வேரூன்றிவிட்டது. நம்ம நீலகிரி அவலாஞ்சியில் வளர்வது ரெயின்போ டிரவுட். அதன் பக்கவாட்டில் ரோஜா நிறப் பட்டை ஓடும். பிரவுன் டிரவுட்டுக்குப் பொன்பழுப்பு உடம்பு, அதில் கருப்பும் சிவப்புமாகப் புள்ளிகள், புள்ளியைச் சுற்றி வெளிறிய வளையம். தீர்த்தனில் பண்ணையிலிருந்து தப்பிய ரெயின்போவும் அவ்வப்போது மாட்டும்.

தூண்டில் நன்றாகப் போடத் தெரிந்தவர்களே இங்கே வெறுங்கையோடு திரும்புவது உண்டு. பெரும்பாலும் தப்பான மாதத்தில் போயிருப்பார்கள், இல்லையென்றால் ஆற்றைவிட்டு எட்டத்தில் அறை எடுத்து ஒரே ஒரு இரவு தங்கியிருப்பார்கள். டிரவுட் ஒரு நாளில் இரை எடுப்பது சில மணி நேரம்தான். அந்த நேரம் நாளுக்கு நாள் மாறும். அதைப் பிடிக்க வேண்டுமானால் ஆற்றின் சத்தம் கேட்கிற தூரத்தில் மூன்று இரவாவது தூங்க வேண்டும். கீழே சொல்லப்போகும் எல்லாமே இதிலிருந்து வருவதுதான்.

1. மாதத்தை முடிவு செய்யுங்கள்

நவம்பர் 1 முதல் பிப்ரவரி முடியும்வரை டிரவுட் பிடிக்கத் தடை. பிரவுன் டிரவுட் கூழாங்கல் தரையை வாலால் பறித்து முட்டையிடுவது அந்தக் குளிரில்தான். முட்டைகள் கல் இடுக்கில் வாரக்கணக்கில் கிடந்து பொரிக்கும். அப்போது ஆற்றில் இறங்கி நடந்தாலே காலடியில் நசுங்கும்.

மார்ச், ஏப்ரலில் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், ஆனால் கை விறைக்கும். மீனும் மந்தமாகக் கிடக்கும். இந்த மாதங்களில் விடியற்காலையில் எழுந்து ஓடுவது வீண். வெயில் பள்ளத்தாக்குக்குள் இறங்கித் தண்ணீர் இரண்டொரு டிகிரி சூடேறிய பிறகு, பகல் 11 முதல் 3 வரை போடுங்கள்.

மே முதல் ஜூன் நடுப்பகுதிவரை மீன் சுறுசுறுப்பாக இருக்கும். காலையும் சாயங்காலமும் நல்ல நேரம். ஆனால் அறை வாடகையும் கூட்டமும் உச்சத்தில் இருக்கும். மேலே பனி உருகுவதால் பிற்பகலில் நீர்மட்டம் ஏறும்.

ஜூலை, ஆகஸ்ட் வேண்டவே வேண்டாம். மழையில் ஆறு காபி நிறத்தில் ஓடும், மலை சரிந்து சாலை அடைபடும். 2023 ஜூலையில் பியாஸ் ஆற்று வெள்ளம் இந்த வழியையே சிதைத்துப் போட்டது.

எங்களைக் கேட்டால் செப்டம்பர் கடைசி வாரத்திலிருந்து அக்டோபர் முடியும்வரைதான் முதல் தேர்வு. தண்ணீர் வற்றித் தெளிந்திருக்கும், முட்டையிடுவதற்கு முன்னால் மீன் நன்றாக இரை தேடும், விடுதிகளும் காலியாகக் கிடக்கும். ஆனால் தெளிந்த தண்ணீரில் உங்கள் நிழலை மீன் முதலில் பார்த்துவிடும் என்பதால் தூண்டில் நரம்பும் மெல்லியதாக வேண்டும், நடையும் பதுங்கலாக வேண்டும்.

2. ஆற்றைப் பார்த்து விடுதியைத் தேர்ந்தெடுங்கள்

இணையத்தில் ‘தீர்த்தன் பள்ளத்தாக்கு’ என்று தேடினால் ஜீபி, ஷோஜா விடுதிகளும் கலந்து வரும். அழகான ஊர்கள்தான். ஆனால் ஜீபி இருப்பது வேறொரு ஓடைக்கரையில். ஷோஜா ஜலோரி கணவாய்க்குப் போகும் ஏற்றத்தில் இருக்கிறது. தூண்டிலுக்காகப் போகிறவர் நாகினி முதல் குஷைனி வரையிலான பகுதியிலோ, குஷைனிக்கு மேலேயோ தங்க வேண்டும்.

நாகினியிலிருந்து குஷைனி வரை சாலையோரம், இறங்குவது சுலபம், முதன்முறை போகிறவர்களுக்குத் தோது. அதே காரணத்தால் தூண்டில் அதிகம் பட்ட மீன்கள் அங்கே இருக்கும். குஷைனியில் ஃபலாசன் என்ற கிளை ஓடை வந்து கலக்கிறது. மழை பெய்தால் இரண்டும் ஒரே நேரத்தில் கலங்குவதில்லை. ஒன்று செந்நீராக ஓடும்போது மற்றது தெளிவாக இருக்கலாம். குஷைனியில் தங்கினால் சங்கமத்துக்கு மேலே நடந்துபோய், தெளிந்த பக்கத்தில் அன்றைய நாளைக் காப்பாற்றிக்கொள்ளலாம். அதனால்தான் முதல் சிபாரிசு குஷைனி.

முன்பதிவு செய்யும்போது விடுதிக்காரரிடம் போனில் பேசுங்கள், படத்தை நம்பிப் பணம் கட்டாதீர்கள். ‘ரிவர் வியூ’ என்று போட்டிருப்பார்கள். ஆறு தெரியும், ஆனால் அறை மலைச்சரிவில் 200 மீட்டர் மேலே இருக்கும். ஈரச் சப்பாத்தோடு அந்த ஏற்றத்தை நாளுக்கு நான்கு முறை ஏற முடியாது. ஆகவே முதல் கேள்வி: அறைக் கதவிலிருந்து தண்ணீருக்கு எத்தனை நிமிடம், எத்தனை படி?

அடுத்து, விடுதி எந்தக் கரையில் என்று கேளுங்கள். சில வீடுகள் சாலைக்கு எதிர்க்கரையில் இருக்கும். அங்கே போகக் கம்பிக் கயிற்றில் தொங்கும் கூடையில் உட்கார வைத்து ஆற்றின் குறுக்கே இழுப்பார்கள். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் பெரிய சூட்கேஸ் கூடாது, இருட்டுவதற்குள் போய்ச் சேர வேண்டும். முழங்கால் வலியுள்ள பெரியவர்கள் கூட வந்தால் சாலைக் கரையிலேயே அறை எடுங்கள்.

வெந்நீர் எப்படி என்பதையும் கேட்க வேண்டும். மின்சாரம் அடிக்கடி போகும் இடம், கீசரை மட்டும் நம்பினால் கஷ்டம். பல வீடுகளில் ஹமாம் இருக்கும். நடுவில் விறகு எரியும் குழாயும் சுற்றிலும் தண்ணீருமாக, நம்ம ஊர் பாய்லர் மாதிரியான சாதனம் அது. ஹமாம் உள்ள வீட்டில் மின்சாரம் போனாலும் குளிக்கலாம். விறகுக்குத் தனியாகக் காசா, சாப்பாடு சேர்த்தா, நிலச்சரிவால் வர முடியாமல் போனால் முன்பணம் என்ன ஆகும் என்பவற்றையும் வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிவிடுங்கள்.

கடைசியாக, ஆறு தெரிந்த உள்ளூர் ஆள் ஒருவரை முதல் நாளுக்கு ஏற்பாடு செய்ய முடியுமா என்று கேளுங்கள். எந்த மடுவில் காலையில் வெயில் விழும், எந்தக் கல்லுக்கு மேல் கால் வைத்தால் வழுக்கும் என்று அவருக்குத்தான் தெரியும். ஒரு நாள் கூலி கொடுத்தால் மற்ற நாட்களை நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

3. உரிமம்

மாநில மீன்வளத் துறை தரும் உரிமம் இல்லாமல் தூண்டில் போடக் கூடாது. நாள் கணக்கில் கொடுப்பார்கள். நாகினியில் துறையின் டிரவுட் பண்ணை இருக்கிறது, அங்கே விசாரிக்கலாம்; பெரும்பாலான விடுதிக்காரர்கள் ஆதார் நகலை வாங்கி அவர்களே எடுத்து வைப்பார்கள். கட்டணமும், ஒரு நாளைக்கு எத்தனை மீன், எந்த அளவுக்குக் குறையாமல் என்ற வரம்பும் உரிமத்தில் என்ன போட்டிருக்கிறதோ அதுவே கணக்கு. வாங்கியதும் படித்துவிடுங்கள், இந்தி தெரியாவிட்டால் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். வலை, வெடி, மருந்து எல்லாம் குற்றம்.

குஷைனிக்கு மேலே நடந்தால் ரோலா என்ற இடத்தில் பெரிய இமாலய தேசியப் பூங்கா தொடங்குகிறது. 2014-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த காடு. உள்ளே நடக்க சாய் ரோப்பாவில் உள்ள பூங்கா அலுவலகத்தில் தனி அனுமதி வாங்க வேண்டும். அது நடப்பதற்கான அனுமதி மட்டும்தான். பூங்கா எல்லைக்குள் தூண்டிலை உறையிலிருந்து எடுக்காதீர்கள்.

4. போய்ச் சேருவது

சென்னையிலிருந்து டெல்லிக்கோ சண்டிகருக்கோ விமானம். டெல்லி காஷ்மீரி கேட் நிலையத்திலிருந்து மணாலி போகும் இரவுப் பேருந்தில் ஔட் என்ற இடத்துக்குச் சீட்டு எடுங்கள், 12 மணி நேரம் போல ஆகும். ஔட் சுரங்கப்பாதைக்கு முன்னாலேயே இறங்க வேண்டும். தூங்கிப்போனால் குல்லுவில்தான் விழிப்பீர்கள், ஆகவே நடத்துநரிடம் ஏறும்போதே சொல்லி வையுங்கள். அங்கிருந்து லார்ஜி வழியாகப் பஞ்சாருக்கும், பஞ்சாரிலிருந்து குஷைனிக்கும் உள்ளூர்ப் பேருந்தும் டாக்சியும் உண்டு. ஏடிஎம் பஞ்சாரில்தான் கடைசி என்று வைத்துக்கொண்டு மூன்று நாள் செலவுக்கு ரொக்கம் எடுத்துவிடுங்கள்.

தூண்டில் கம்பு, ரீல், முள் எதையும் விமானத்தில் கைப்பையில் வைக்க விட மாட்டார்கள். நான்கு துண்டாகக் கழலும் கம்பு வாங்கினால் முக்கால் மீட்டர் குழாயில் அடங்கி, பதிவுச் சாமானில் போய்விடும்.

5. என்ன எடுத்துப் போவது

குஷைனி ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். 2,240 மீட்டரில் இருக்கும் ஊட்டியைவிடத் தாழ்வுதான். அதை வைத்து ஊட்டி ஸ்வெட்டர் போதும் என்று கணக்குப் போடாதீர்கள். அட்சரேகை வடக்கே தள்ளியிருப்பதால் அக்டோபர் இரவே எலும்பைத் தொடும். உள்ளே ஒட்டிய கம்பளி பனியன், நடுவில் ஃப்ளீஸ், மேலே காற்றும் மழையும் புகாத சட்டை என்று மூன்று அடுக்காக வையுங்கள். பருத்தி நனைந்தால் காயாது. ஜீன்ஸ் போட்டுக்கொண்டு ஆற்றோரம் போனால் நாள் முழுக்க நடுங்க வேண்டியதுதான். முழுக்கால் சட்டை கட்டாயம். கரையெங்கும் ‘பிச்சு பூட்டி’ முளைத்திருக்கும், நம்ம காஞ்சொறி மாதிரியான செடி. பட்டால் மணிக்கணக்கில் எரியும்.

ஸ்பின்னிங் தூண்டில்காரர்களுக்கு: 6 முதல் 7 அடி லைட் கம்பு, 1000 முதல் 2000 எண் ரீல், 4 முதல் 6 பவுண்டு நரம்பு, 3 முதல் 7 கிராம் எடையுள்ள ஸ்பின்னரும் (சுழலும் தகடு வைத்த போலி இரை) ஸ்பூனும் (கரண்டி வடிவப் போலி இரை) பத்து. பத்தில் நான்கைந்து பாறைக்குக் காணிக்கையாகப் போய்விடும். ஃப்ளை, அதாவது இறகும் நூலும் கட்டிய பூச்சி வடிவப் போலி இரை, போடுகிறவர்களுக்கு 8 முதல் 9 அடி, 4 அல்லது 5 எண் கம்பு, மிதக்கும் லைன், அதன் முனையில் கட்ட 9 அடி லீடர் நரம்பு, லீடர் நுனிக்கு மெல்லிய 4எக்ஸ், 5எக்ஸ் டிப்பெட் நரம்பு. நீருக்கடியில் போட மணித்தலை வைத்த ஃபெசன்ட் டெயில், ஹேர்ஸ் இயர் நிம்ஃப் என்ற ஃப்ளைகள் 12 முதல் 16 எண் வரை; மேல்மிதப்புக்கு எல்க் ஹேர் கேடிஸ், ஆடம்ஸ். புழு, மாவுருண்டை இரையை டிரவுட் ஆற்றுக்கு எடுத்துப் போகாதீர்கள். மீன் அதை அடிவயிறுவரை விழுங்கிவிடும், திரும்ப விட்டாலும் பிழைப்பது கஷ்டம்.

மூன்று கொக்கி உள்ள ஸ்பின்னரை வீட்டிலேயே ஒற்றைக் கொக்கியாக மாற்றுங்கள். முள் நுனிக்குச் சற்றுக் கீழே பின்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன எதிர்முள்ளைக் குறடால் அழுத்தி மடக்கிவிடுங்கள். இதில் மீனுக்கும் நல்லது, உங்கள் விரலுக்கும் நல்லது. பாறை நடுவில் நின்று விரலில் ஏறிய முள்ளை எதிர்முள்ளோடு பிடுங்குவது சாதாரண விஷயம் இல்லை.

போலரைஸ்டு கண்ணாடி ஆடம்பரம் என்று நினைக்காதீர்கள். தண்ணீரின் பளபளப்பு அடங்கி உள்ளே கிடக்கும் கல்லும் மீனும் தெரியும், கால் எங்கே வைப்பது என்றும் தெரியும். காலுக்கு ஆணி பதித்த ரப்பர் அடிச் சப்பாத்து. கூடவே ஓர் ஊன்றுகோல், விசில், தலைவிளக்கு.

6. அறையில் முதல் இரவு

மரமும் கல்லும் மாறி மாறி அடுக்கிய இந்தக் கட்டுமானத்துக்குக் காத்-குனி என்று பெயர். சிமெண்ட் இல்லை, நிலநடுக்கத்தில் குலுங்கிக் கொடுக்கும். ஆனால் மரத் தளம் சத்தம் கடத்தும், நிலைப்படி தாழ்வாக இருக்கும், குனிந்து நுழையுங்கள். கூடத்தில் இரும்பு அடுப்பு இருக்கும். அங்கே அதற்குத் தந்தூர் என்று பேர். புகைபோக்கி கூரைக்கு மேலே போகும்.

இதில் ஒரு விஷயத்தைத் தயவுசெய்து மனதில் வையுங்கள். புகைபோக்கி உள்ள தந்தூர் வேறு, சட்டியில் கரியைப் போட்டு அறைக்குள் கொண்டுவந்து வைக்கும் அங்கீட்டி வேறு. கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு அங்கீட்டியோடு தூங்கினால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு சேரும். அதற்கு வாசனை கிடையாது. தலைவலி, குமட்டல், தூக்கம் என்று வரிசையாக வந்து ஆளை முடித்துவிடும். குளிருக்கு இன்னொரு ரஜாய் (பஞ்சு மெத்தைப் போர்வை) கேளுங்கள், வெந்நீர்ப் பையைக் காலடியில் வையுங்கள், கரிச்சட்டியை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தந்தூருக்கும் தூங்குவதற்கு முன் ஒரு ஜன்னலை விரலளவு திறந்து வைப்பது நல்லது.

ஈரச் சப்பாத்தை அடுப்பை ஒட்டிக் காயவைத்தால் அடிப்பகுதி பிரிந்து வந்துவிடும். உள்ளே செய்தித்தாளைத் திணித்து, அடுப்பிலிருந்து நான்கடி தள்ளி வைத்து, படுக்கும் முன் ஒருமுறை தாளை மாற்றினால் காலையில் போட்டுக்கொள்ளும் பதத்துக்கு வந்திருக்கும்.

இரவுச் சாப்பாட்டின்போது மறுநாள் திட்டத்தைச் சொல்லிவிடுங்கள். எங்கே இறங்குகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டுக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆற்றுப் பள்ளத்தில் செல்போன் சிக்னல் வரும் போகும். காலையில் அவரிடம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி ‘பானி ஸாஃப் ஹை?’ (தண்ணீர் தெளிவாக இருக்கிறதா?)

7. தண்ணீரில்

கரைக்கு வந்ததும் தூண்டிலைப் பிரிக்காதீர்கள். தண்ணீரும் தரையும் சேரும் கோட்டில் வெளிர் நிறமான கல் ஒன்றைப் பாதி நனையும்படி வையுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதைப் பாருங்கள். கல் முழுகியிருந்தால் ஆறு ஏறுகிறது. மே, ஜூனில் காலையில் முழங்காலளவு நீரில் கடந்த இடத்தைப் பிற்பகலில் திரும்பக் கடக்க முடியாது. பனி உருகிய நீர் அந்த நேரத்தில்தான் வந்து சேரும். ஆகவே எதிர்க்கரைக்குப் போவதானால் பாலம் எங்கே என்று தெரிந்துகொண்டு போங்கள். ஓட்டத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கவே கூடாது, தொடைக்குக் கீழேதான் எல்லை.

தண்ணீர் திடீரென நிறம் மாறினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, ஆற்றின் சத்தம் கனத்தாலோ மேலே எங்கோ மேகம் உடைத்திருக்கிறது. சாமானை விட்டுவிட்டு மேட்டுக்கு ஏறுங்கள். உங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டிருக்கலாம், அதை நம்பாதீர்கள்.

லார்ஜிக்குக் கீழே பியாஸில் ஆபத்து வேறு மாதிரி. 2014 ஜூன் 8 அன்று தலோட் அருகே, லார்ஜி அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீரில், படம் எடுத்துக்கொண்டிருந்த ஹைதராபாத் பொறியியல் மாணவர்கள் 24 பேர் அடித்துச் செல்லப்பட்டார்கள். வரும்போதோ போகும்போதோ ஔட் பக்கம் பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் கால் நனைக்க இறங்க வேண்டாம். தீர்த்தனில் அப்படி அணை இல்லை. இந்த ஆற்றில் நீர்மின் திட்டங்கள் வேண்டாம் என்று பள்ளத்தாக்கு மக்கள் போராடித் தடுத்ததால்தான் நீங்கள் தூண்டில் போட ஓர் ஆறு மிச்சமிருக்கிறது.

இப்போது மீன். டிரவுட் ஓட்டத்தை எதிர்த்து, மூக்கு தண்ணீர் வரும் பக்கம் பார்க்க நிற்கும். ஆகவே கீழிருந்து மேலாக, அதன் முதுகுப் பக்கமாக அணுகுங்கள். வேகமான ஓட்டமும் மந்தமான நீரும் உரசும் கோட்டில் நுரை ஒரு கயிறு போல நீண்டு போகும். அந்த நுரைக் கயிற்றின் ஓரம்தான் சாப்பாட்டு மேசை. பாறையின் பின்பக்கம் மட்டும் மீன் இருக்கும் என்று பலரும் நினைப்பார்கள். பாறைக்கு முன்னால் தண்ணீர் மோதித் திரும்பும் இடத்திலும் ஒரு மெத்தை உண்டு, நல்ல மீன் அங்கேயும் கிடக்கும். மடுவின் வால் பகுதி, தண்ணீர் மெலிந்து வழியும் இடம், சாயங்காலத்துக்கு உரியது.

ஸ்பின்னரை மேல்நோக்கிச் சாய்வாக எறிந்து, ஓட்டத்தைவிடச் சற்றே வேகமாகச் சுற்றுங்கள். தகடு சுழல்வது கம்பின் நுனியில் சன்னமான துடிப்பாகக் கையில் தெரிய வேண்டும். துடிப்பு நின்றால் ஸ்பின்னர் செத்துவிட்டது, வேகத்தைக் கூட்டுங்கள். ஃப்ளையானால் ஓட்டத்தோடு தானாக மிதந்து வர விடுங்கள். லைன் அதை இழுத்து, பின்னால் ஒரு சிறு கோடு விழுந்தாலே மீன் ஒதுங்கிவிடும். ஓர் இடத்தில் ஐந்தாறு வீச்சு போதும், அடுத்த மடுவுக்கு நடங்கள். ஒரே மடுவில் ஒரு மணி நேரம் அடித்துக்கொண்டிருப்பதுதான் இங்கே எல்லோரும் செய்யும் தவறு.

8. மீன் மாட்டிய பிறகு

முதலில் கையை நனையுங்கள். உலர்ந்த கை அதன் மேலிருக்கும் வழவழப்பை உரித்துவிடும், அந்த இடத்தில் பூஞ்சை பிடிக்கும். தண்ணீருக்குள்ளேயே வைத்துக் குறடால் முள்ளைக் கழற்றுங்கள். படம் வேண்டுமானால் ஒரு மூச்சை நீங்கள் அடக்கும் நேரம்தான் மீன் வெளியே இருக்கலாம். பிறகு தலை தண்ணீர் வரும் பக்கம் பார்க்க இரு கையிலும் தளர்வாகத் தாங்குங்கள். செவுள் சீராக அசைந்து, வாலை ஒரு முறை உதறித் தானே போகும்.

ஆற்று மீனை விட்டுவிடுவதே எங்கள் விருப்பம். சாப்பிட ஆசைப்பட்டால் பண்ணை டிரவுட் கிடைக்கும், விடுதியில் சொன்னால் வாங்கி வந்து தருவார்கள். 300 கிராம் மீன் ஒருவருக்குத் தாராளம். செதில் பொடியானது, நம்ம ஊர்போலச் சாம்பல் போட்டு உரச வேண்டாம். வயிற்றைக் கீறிக் குடலை எடுத்தபின், முதுகெலும்பை ஒட்டிக் கருஞ்சிவப்பாக ஒரு கோடு ஓடும். அதைக் கட்டைவிரல் நகத்தால் தலையிலிருந்து வால்வரை சுரண்டிக் கழுவிவிடுங்கள், கசப்பு அதில்தான் இருக்கிறது. கழிவை ஆற்றில் போடாமல் சமையல்காரரிடம் கொடுங்கள். உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள் தடவிக் கால் மணி நேரம் ஊறட்டும். கடுகெண்ணெயைப் புகை வரும்வரை காயவைத்து, தீயைக் குறைத்துப் பக்கத்துக்கு நான்கைந்து நிமிடம். அதிகம் திருப்பினால் உடையும். கூடவே சித்து கேளுங்கள்; வால்நட் பூரணம் வைத்து ஆவியில் வேகவைத்த கோதுமைக் கொழுக்கட்டை, உருக்கிய நெய்யோடு வரும்.

9. கிளம்புகிற நாள்

திரும்புகிற பேருந்து ஔட்டில் பெரும்பாலும் இரவில்தான் கிடைக்கும், பகல் முழுக்கக் கையில் இருக்கும். தூண்டிலை மதியத்தோடு நிறுத்திச் சப்பாத்தைத் தேய்த்துக் கழுவி வெயிலில் வையுங்கள். ஈரத்தோடு மூட்டை கட்டினால் ஓர் ஆற்றின் பாசியும் நோயும் அடுத்த ஆற்றுக்குப் போகும். ரீலை நல்ல தண்ணீரில் அலசுங்கள். நரம்பின் கடைசி இரண்டு மீட்டரை விரலிடுக்கில் ஓட்டிப் பார்த்துச் சொரசொரப்பு இருந்தால் வெட்டிவிடுங்கள். வெட்டிய துண்டைக் கரையில் விடாமல் பைக்குள் போட்டு ஊருக்கு எடுத்து வாருங்கள். பறவை காலில் சிக்கினால் அதற்கு அவிழ்க்கத் தெரியாது.

மலைச்சாலை எப்போது அடைபடும் என்று சொல்ல முடியாது. டெல்லியிலிருந்து கிளம்பும் விமானத்தைப் பேருந்து போய்ச் சேரும் அதே காலைக்குப் போடாமல், மறுநாளைக்குப் போடுங்கள்.